210 பேர் உள்ள இடத்தில் 384 பேரைத் தேடினேன்

2019-ல் நான் எம்.பி.பி.எஸ் இரண்டாம் ஆண்டு. ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் எஸ்.டி.எஸ் என்ற குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் பற்றி மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை; மற்றவர்களுக்காக ஒரு வரி. 1979-லிருந்து நடக்கும் திட்டம் அது. மாணவர் ஒருவர் ஒரு வழிகாட்டியின் கீழ் இரண்டு மாதம் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து, அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்டால்தான் சான்றிதழும் உதவித்தொகையும். அப்போது மாதம் 10,000 வீதம் 20,000 ரூபாய். தேர்வானோர் பட்டியலில் என் பெயரைப் பார்த்த இரவு ஹாஸ்டல் மெஸ்ஸில் எட்டுப் பேருக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். வராத பணத்துக்கு முதல் செலவு அதுதான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆய்வுத் திட்டத்தை நான் யோசித்து எழுதவில்லை. சீனியர் அக்கா ஒருவர் தந்த வேர்டு ஃபைலில் சர்க்கரை என்று இருந்த இடத்திலெல்லாம் ரத்த அழுத்தம் என்று மாற்றினேன். "ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் உயர் ரத்த அழுத்த நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?" என்பது தலைப்பு. எத்தனை பேரிடம் கேட்பது? அவர் ஃபைலில் 384 என்று இருந்தது, நானும் 384 என்றே விட்டேன். அது எங்கிருந்து வருகிறது என்பது மருத்துவ மாணவர் எல்லோருக்கும் தெரியும், எத்தனை பேரிடம் கேட்பது என்பதற்கான வாய்பாடு: பாதிப் பேருக்கு இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, 5 சதவீதப் பிழைக்கு இடம் கொடுத்து, 1.96-ஐ வர்க்கப்படுத்திப் பெருக்கி வகுத்தால் 384. எந்த ஊரில் எந்த நோயை ஆராய்ந்தாலும் இதே எண் வந்து நிற்கும். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஜூன் 3-ஆம் தேதி வேலை தொடங்குவதாகத் திட்டம். தொடங்கியது ஜூன் 25. இடையில் போன மூன்று வாரக் கதை சலிப்பானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேர்வாகிவிட்டால் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டி (நெறிமுறைக் குழு) வெறும் சடங்கு என்று நினைத்திருந்தேன். கமிட்டி கூடியதே 12-ஆம் தேதி. அதற்குப் பன்னிரண்டு பிரதி எடுத்து ஸ்பைரல் போட 1,020 ரூபாய். நான் ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்தில் மட்டும் கொண்டு போயிருந்தேன். "உங்க நோயாளி இதைப் படிப்பாங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்கள். தமிழில் தகவல் தாள் வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டோடு ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். 2017-ல் வந்த ஐ.சி.எம்.ஆர் நெறிமுறையில் இதெல்லாம் இருக்கிறது. நான் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. இதற்கு நடுவில், சும்மா இருப்பானேன் என்று கல்லூரி ஓ.பி-யில் இருபத்திரண்டு பேரிடம் 'பைலட்' (முன்னோட்டம்) என்ற பெயரில் கேட்டு வைத்திருந்தேன். வழிகாட்டி மேடம் பார்த்தார். "அப்ரூவலுக்கு முன்னாடி எடுத்தது டேட்டா இல்லைம்மா, கிழிச்சுப் போடு" என்றார். கிழித்தேன்.

கமிட்டி அனுமதி கையில் வந்ததும் நேரே பி.ஹெச்.சி-க்கு, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். மெடிக்கல் ஆபீசர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்க டீன் குடுத்தது. எங்களுக்கு டி.டி. ஆபீஸ்ல இருந்து வரணுமேம்மா" என்றார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ் வருகிறது, ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ் வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அரசாங்கம்தான். உள்ளே வேறு வேறு வீடு. துணை இயக்குநர் அலுவலகத்துக்கு, அதுதான் டி.டி. ஆபீஸ், மூன்று நடை. அங்கே யாரும் என்னை விரட்டவில்லை, ஆனால் முன்கூட்டியே மனு கொடுத்திருந்தால் கமிட்டி கூடும் வரை காத்திருந்த நாட்களிலேயே இந்த வேலையையும் நகர்த்தியிருக்கலாம். நீங்கள் பி.ஹெச்.சி-யில் செய்வதாக இருந்தால், திட்டத்தை அனுப்பும் வாரமே மாவட்டப் பொது சுகாதார அலுவலகத்திலும் ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள்.

முதல் நாள் உள்ளே போனதும் ஒரு தவறான வார்த்தை சொன்னேன். என்.சி.டி. (சர்க்கரை, பிரஷர் போன்ற தொற்றா நோய்கள்) பிரிவு சிஸ்டரிடம், "அக்கா, ஆய்வுக்காக வந்திருக்கேன்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. பதிவேட்டை எடுத்து நேராக வைத்தார், மாத்திரை ஸ்டாக் நோட்டைத் திறந்தார், யாரையோ போனில் கூப்பிட்டார். அரசு அலுவலகத்தில் ஆய்வு என்றால் மேலிடத்திலிருந்து குற்றம் கண்டுபிடிக்க வருவது. கலெக்டர் ஆய்வு, டி.டி. ஆய்வு. தலைப்பு வேறு "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா". அவர் கொடுக்கும் மாத்திரை சரியாகப் போய்ச் சேருகிறதா என்று உளவு பார்க்க வந்தவளாகவே என்னை நினைத்திருக்கிறார். நான்கு நாள் எனக்கு ஒரு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே நின்றுகொண்டே பேசினேன். ஐந்தாம் நாள் கூட்டம் முட்டியபோது, "நான் பி.பி. பார்த்துத் தரட்டுமாக்கா?" என்று கேட்டேன். அன்று நாற்பத்தெட்டுப் பேருக்குப் பார்த்தேன். மதியம் அவரே டிபன் பாக்ஸ் மூடியில் தக்காளி சாதம் வைத்து நீட்டி, "என்ன புராஜெக்டு பாப்பா இது, சொல்லு" என்றார். அதற்குப் பிறகு என் ஆய்வை உண்மையில் நடத்தியவர் அவர்தான். "காலேஜ் புராஜெக்ட்" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான்கு நாள் மிச்சம்.

நோயாளிகளிடம் வருகிறேன். நான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போனேன், இரண்டாம் ஆண்டு மாணவிக்கு அதில் ஓர் ஆசை. முதல் வாரத்தில் 47 பேரிடம் கேட்டேன். 43 பேர் ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதே இல்லை என்றார்கள். இவ்வளவு ஒழுக்கமான ஊரா என்று எனக்கே பெருமையாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை ஒரு பாட்டி, "டான்னு ராத்திரி சாப்புட்டுருவனுங் அம்மணி" என்று சொல்லிவிட்டு, என்.சி.டி. நோட்டை எடுக்கப் பையைக் கவிழ்த்தார். மூன்று மாதத்து அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கீழே விழுந்தன. இருவரும் அதைப் பார்த்தோம். அவர் சிரித்துவிட்டு, "காலு வீங்குது கண்ணு, அதான். சிஸ்டரு கோவிச்சுக்கும்னு சொல்லுல" என்றார். அம்லோடிபினுக்குக் கணுக்கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவு. பார்மகாலஜி பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வரி. மாத்திரையை மாற்றித் தரச் சொல்லலாம் என்று அவருக்குத் தெரியாது. அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் என் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

கேள்விகளே சரியில்லை என்பதும் அன்றுதான் புரிந்தது. ஆங்கிலத்திலிருந்து நானே மொழிபெயர்த்திருந்தேன். "மாத்திரை சாப்பிட மறந்ததே இல்லையா?" என்று ஒரு கேள்வி. "ஆமாங்" என்று பதில். ஆமாம், மறந்ததில்லை என்கிறாரா? ஆமாம், மறந்ததுண்டு என்கிறாரா? படிவத்தில் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். எதிர்மறையில் கேள்வி கேட்டால் தமிழில் 'ஆமாம்' இரண்டு பக்கமும் போகும். "உயர் ரத்த அழுத்தம்" என்பதும் அங்கே யாருக்கும் எட்டவில்லை. பிரஷர் அல்லது கொதிப்பு என்றால்தான் தலையாட்டுவார்கள். வீட்டில் உள்ள பெரியவர்கள் ஐந்து பேரிடம் படித்துக் காட்டியிருந்தாலே இதெல்லாம் பிடிபட்டிருக்கும்.

அடுத்த அடி அந்த வார இறுதியில். நான் எடுத்துப் பயன்படுத்தியது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அளக்க உலகெங்கும் புழங்கும் எட்டுக் கேள்வி அளவுகோல் ஒன்று. சீனியர் ஃபைலில் இருந்தது, இணையத்தில் எங்கும் கிடைத்தது, பொதுச் சொத்து என்று நினைத்தேன். மேடம் தற்செயலாக ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு போன் செய்தார்: அதற்கு உரிமம் வாங்க வேண்டும், கட்டணம் உண்டு, வாங்காமல் பயன்படுத்தியவர்களின் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. 47 படிவம் போயிற்று. அதைவிட வயிற்றெரிச்சல், அனுமதி வருவதற்கு முன்பே ஆசையாக 400 செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். ஏழு பக்கம், பக்கம் ஒரு ரூபாய், 2,800. அன்று இரவு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா, பரீட்சையில் ஃபெயிலா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்குவதற்குத் தெம்பில்லை. ஒரு நேரத்தில் இருபது பிரதிக்கு மேல் எடுக்காதீர்கள். படிவம் மாறும், மாறியே தீரும்.

புதிதாகப் போட்ட படிவம் இரண்டே பக்கம். போன ஏழு நாளில் எத்தனை நாள் மாத்திரை போட முடியவில்லை, ஏன் முடியவில்லை, போட்டபின் உடம்புக்கு என்ன செய்கிறது. இதோடு அட்டையை வாங்கி மிச்ச மாத்திரையை எண்ணிவிடுவது. முப்பது நாளுக்கு முப்பது கொடுத்திருந்தால், திரும்ப வரும் நாளில் எத்தனை மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நூற்றுக்கு எண்பது மாத்திரையாவது சாப்பிட்டிருந்தால் ஒழுங்கானவர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கேட்கும் விதத்தையும் சிஸ்டர் அக்காதான் சொல்லிக்கொடுத்தார். "சாப்புடுறீங்களான்னு கேக்காத பாப்பா. எல்லாருக்கும் நடுவுல ரெண்டு நாளு விட்டுப் போயிருது, உங்களுக்கு எத்தன நாளு போச்சுன்னு கேளு." கோட்டையும் கழற்றச் சொன்னார். மறுநாளிலிருந்து சாதாரண சுடிதார். அதே ஊர் மக்கள் வேறு கதை சொல்லத் தொடங்கினார்கள். ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டுபவர் காலையில் தூங்கி எழும்போது மாத்திரை நேரம் போய்விடுகிறது. ஒருவர் சாராயம் குடிக்கும் நாளில் மாத்திரை கூடாது என்று அவராகவே விலக்கு வைத்திருந்தார். ஓர் அம்மா தன்னுடையதைப் பாதி கணவருக்குக் கொடுத்துவிடுகிறார், ரெண்டு பேருக்கும் பிரஷர்தானே என்று. இதையெல்லாம் வரிசையில் மாமியாரும் அண்டை வீட்டாரும் நிற்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சைப் போட்டுக்கொண்டோம். மாத்திரை வாங்கிய பிறகு பிடித்து நிறுத்தவும் முடியாது, 10.40 பஸ்ஸை விட்டால் அடுத்தது மதியம்தான். டோக்கன் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் பேச வேண்டும், அவர்கள் முறை வந்தால் பாதியில் விட வேண்டும். பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும் என்ற விதிக்கும் அது தோதாக இருந்தது. அதற்கு நான் சொந்தமாக வாங்கிய டிஜிட்டல் கருவி 2,150 ரூபாய். துறையில் கேட்டிருந்தால் கடன் கொடுத்திருப்பார்கள் என்று பிறகு தெரிந்தது.

மூன்றாம் வாரம் ஒரு மதியம், 384-க்கு இன்னும் எத்தனை பாக்கி என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் அக்கா நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊர்ல இருந்து கொண்டாருவ பாப்பா அத்தன பேர? எம்பட பதிவேட்டுல பிரஷர்காரங்க மொத்தமே 210 பேருதான்" என்றார்.

எனக்குக் காது அடைத்தது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000. துணை சுகாதார நிலையம் 5,000, மலையில் 3,000. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த 30,000-இல் எத்தனை பேருக்குப் பிரஷர், அதில் எத்தனை பேர் இந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் மாதாமாதம் வருகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர்கள் மாதம் ஒரு முறை மாத்திரை வாங்க வருகிறவர்கள். இரண்டு மாதம் இருந்தால் இரண்டு மடங்கு ஆட்கள் வர மாட்டார்கள், அதே ஆட்கள் இரண்டாவது முறை வருவார்கள். திட்டம் எழுதும் முன் ஒரே ஒரு காலை அங்கே போய்ப் பதிவேட்டைப் புரட்டியிருந்தால் இது தெரிந்திருக்கும். போகவர 46 ரூபாய் பஸ்ஸும் 20 ரூபாய் ஷேர் ஆட்டோவும் செலவாகியிருக்கும். (மகளிருக்கு டவுன் பஸ் இலவசமானது 2021-ல்தான்.) மேடம் திட்டவில்லை. மொத்தக் கூட்டமே சிறியதாக இருந்தால் அதற்கொரு திருத்தம் உண்டு என்று தாளில் போட்டுக் காட்டினார்: 384-ஐ, 1 கூட்டல் 383-இன் கீழ் 210 என்பதால் வகுத்தால் 136. கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதி எண்ணிக்கையை மாற்றினோம். படிவத்தை மாற்றியதற்கும் முன்பே இப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தோம், அதன் பதிலுக்காக மூன்று நாள் சும்மா இருந்தேன். சொல்லாமல் மாற்றியிருந்தால் எல்லாமே குப்பை.

இரண்டாம் வாரம் 28, மூன்றாம் வாரம் 49, நான்காம் வாரம் 45. ஆடி பிறந்துவிட்டது. நோம்பிக்கு ஊரே போய்விடும், வெள்ளிக்கிழமை கோயிலில் கூழ், பி.ஹெச்.சி. வெறிச்சோடும். ஐந்தாம் வாரத்தில் முதல் வாரத்து ஆட்கள் மாத்திரைக்குத் திரும்ப வந்தார்கள். "போன மாசமே எல்லாஞ் சொன்னனே கண்ணு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அந்த 47 பேரில் 17 பேர் மறுபடி உட்கார்ந்தார்கள். ஆக 139. மறுபடி உட்காராத 30 பேரையும் கழித்தால், பதிவேட்டில் 41 பேரை நான் பார்க்கவே இல்லை.

அந்த 41 பேர்தான் எனக்கு உறுத்தியது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று, மாத்திரை வாங்க வந்தவர்களிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விட்டவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? கடைசி மூன்று நாள் கிராம சுகாதார செவிலியரின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வீடுவீடாகப் போனேன். 17 வீடு பிடிபட்டது. இரண்டு பேர் இறந்திருந்தார்கள், பதிவேட்டில் உயிரோடு இருந்தார்கள். மூன்று பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். நான்கு பேர் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள், கவர்மென்ட் மாத்திரைக்குப் பவர் கம்மி என்று. ஒருவர் காட்டிய அட்டையில் அதே அம்லோடிபின் 5 மி.கி. மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். நூறு நாள் வேலை இருக்கும் நாளில் வர முடியாது, தலை சுற்றல் நின்றுவிட்டது, பிறகு எதற்கு. ஒரு தாத்தாவுக்கு 190-க்கு மேல் இருந்தது. செவிலியர் கையோடு ஆட்டோ பிடித்து அனுப்பினார்.

ஹாஸ்டலுக்கு வந்து இதை இருபது பக்கம் எழுதினேன். மேடம் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா வீட்டுக்குப் போறதா கமிட்டிகிட்ட சொல்லலையே" என்றார். இரண்டு கடிதம் எழுதியவளுக்கு மூன்றாவது எழுதத் தோன்றவில்லை. அந்த 17 வீடும் அறிக்கையில் இல்லை.

மிச்சம் வேகமாக முடிந்தது, கெட்டதாகவும். புள்ளியியல் பயமாக இருந்ததால், நண்பர்கள் சொன்ன ஒருவருக்கு 3,500 ரூபாய் கொடுத்து எக்செல் ஃபைலை அனுப்பினேன். அவர் போன் எடுக்காத நாட்களும் என் இன்டர்னல் பரீட்சையும் ஒன்றாக வந்தன. பதினாறு அட்டவணை வந்தது, எது என்ன என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நானே எபி இன்ஃபோவில் மறுபடி போட்டேன். இலவச மென்பொருள், இரண்டு மாலையில் பழகிவிட்டது. அதற்குள் அறிக்கைக்கான கடைசி நாள் தாண்டிவிட்டது. யாரையும் குறை சொல்ல வழியில்லை, தேதி முதல் நாளிலிருந்தே தெரியும். சான்றிதழ் இல்லை, 20,000 இல்லை. கையிலிருந்து போனது: ஜெராக்ஸ் 2,800, ஸ்பைரல் 1,020, கருவி 2,150, 31 நாள் போக்குவரத்து 2,046, புள்ளியியல் 3,500, மறு ஜெராக்ஸ் 600. மொத்தம் 12,116. பரோட்டாவைச் சேர்க்கவில்லை. லேப் புராஜெக்ட் எடுத்து மூன்று வாரத்தில் முடித்துச் சான்றிதழைச் சுவரில் ஒட்டிய ரூம்மேட்டுடன் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அது இன்றும் வெட்கம்.

அந்த 17 வீட்டுப் பட்டியலை மட்டும், சிஸ்டர் அக்காவே கேட்டதால், பதிவேட்டைத் திருத்திக்கொள்ளக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு நான் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர். வேறொரு பி.ஹெச்.சி-யில் போஸ்டிங், அந்தத் திட்டத்துத் தன்னார்வலர் அக்காவோடு மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். மூன்றாவது வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி. அக்கா புது மாத்திரையை எடுத்து நீட்டினார். நான் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "பழைய அட்டையெல்லாம் எங்க பாட்டி வெச்சிருக்கீங்க?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து உள்ளே போய் அரிசிப் பானையைத் திறந்தார்.